ஒரு விரல் தண்ணீர்

கட்டுக்கதை கேட்க வந்தவர்கள் இப்போதே எழுந்து போய்விடலாம். இது மாரிராஜுக்கு நடந்தது. நடந்த இடம் மண்ணூர், கம்பெனிகள் முளைத்துவரும் ஊர். சுடுகாடும் இல்லை, பாழடைந்த பங்களாவும் இல்லை. சிமெண்ட் ஷீட் போட்ட ஒரு வாடகை அறை. அதுவும் பட்டப்பகல்.

மாரிராஜும் பிச்சையாவும் கோவில்பட்டிப் பக்கம் ஒரே தெருவில் வளர்ந்தவர்கள். இங்கே ஒரே கம்பெனி, ஒரே அறை, ஆனால் வேறு வேறு ஷிப்ட். மாரிராஜ் மத்தியானம் வேலைக்குப் போய் நடுராத்திரி திரும்புவான். பிச்சையாவுக்கு நைட் ஷிப்ட். காலையில் மாரிராஜ் கண் விழிக்கும்போது பக்கத்துப் பாயில் பிச்சையா தலையோடு கால் போர்த்திக்கொண்டு கிடப்பான். அப்படிப் படுத்தவனை எழுப்பக் கூடாது. போர்வையை விலக்கக் கூடாது. இந்தப் பக்கத்து அறைகளில் எல்லாம் அதுதான் சட்டம். கொலை செய்தவனைக்கூட மன்னிப்பார்கள், தூக்கத்தைக் கெடுத்தவனை விடமாட்டார்கள்.

மாரிராஜுக்குப் பழைய கண்ணாடி பாட்டில் என்றால் பைத்தியம். கம்பெனி கட்ட மண் தோண்டும் இடங்களில் மைக்கூடு, மருந்து பாட்டில், கோலி சோடா பாட்டில் என்று பொறுக்கி வருவான். கழுவி, ஜன்னல் வெளிச்சத்தில் படமெடுத்து ஆன்லைனில் விற்பான். மயிரிழை விரிசல் இருந்தாலும் சொல்லிவிடுவான். அதனால் கண்ணை மூடிக்கொண்டு வாங்க நாலு பேர் இருந்தார்கள்.

அந்த வாரம் ஒரு பழைய கிணற்றைத் தண்ணீர் இறைத்து மூடிக்கொண்டிருந்தார்கள். அதன் சேற்றில் கிடந்த கோலி சோடா பாட்டிலை ஜேசிபி ஓட்டும் கோதண்டம் காட்டினார்.

"இன்னாபா, இதையும் எடுத்துகினு போறியா?"

மேலே ஏதோ சொல்ல வாயெடுத்தார். பின்னால் லாரிக்காரன் ஹாரன் அடித்தான். போய்விட்டார்.

அடர் பச்சை. கனத்த கண்ணாடி. கோலி கழுத்தில் சிக்கியிருந்தது. படம் போட்ட அன்றே கோயம்புத்தூரிலிருந்து அம்சவல்லி என்ற அம்மாள் கேட்டுவிட்டார். உள்ளே சொட்டு ஈரம் இருக்கக் கூடாது, கோலி ஓடும் வீடியோ வேண்டும் என்றார். மாரிராஜ் அரிசியும் கல்லுப்பும் போட்டுக் குலுக்கினான். பாசி போனது. கோலியும் விடுபட்டது. ஜன்னலில் கவிழ்த்து வைத்தான்.

மறுநாள் காலை பாட்டில் நிமிர்ந்து நின்றது. உள்ளே ஒரு விரல் தண்ணீர். பாசி வாடை.

பிச்சையாவைப் பார்த்தான். போர்வைக்குள் கிடந்தான். 'இவன் வேலைதான்' என்று நினைத்துக்கொண்டான். அறையெல்லாம் குப்பை என்று முன்பே ஒருநாள் முணுமுணுத்தவன் ஆயிற்றே.

கொட்டினான். துடைத்தான். கவிழ்த்தான்.

அடுத்த காலை மறுபடியும் ஒரு விரல் தண்ணீர்.

பாட்டில் போனால் போகட்டும். டவுசர் போட்ட காலத்திலிருந்து கூடவே சுற்றியவன், வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லாமல் இப்படிச் செய்வானா? இனி இவனோடு ஒரே அறையில் இருக்க முடியாது என்று தோன்றியது.

மூன்றாம் நாள். காலை பத்தேகால். பாட்டில் இப்போது தூங்குகிறவனின் தலைமாட்டில் இருந்தது. பாயின் ஓரம் நனைந்திருந்தது. போர்வை மெல்ல ஏறி இறங்கியது...

எழுப்ப மனம் வரவில்லை. சட்டம் சட்டம்தான். போனில் செய்தி போட்டான். 'என் பாட்டில எதுக்குல தொடுத?'

உடனே பதில் வந்தது. 'நான் எங்கல தொட்டேன்?'

மாரிராஜ் திரும்பிப் பார்த்தான். போர்வைக்குள் போன் வெளிச்சம் இல்லை. கை அசையவும் இல்லை.

போன் போட்டுக் கூப்பிட்டான். அறைக்குள் மணி அடிக்கவில்லை.

"சொல்லுல." பிச்சையாவின் குரல். பின்னால் பஸ் சத்தம்.

"எங்கல இருக்க?"

"கோவில்பட்டி ஆஸ்பத்திரி வாசல்ல. அப்பாவுக்கு முடியல. ஷிப்ட் முடிஞ்சு அப்படியே பஸ் ஏறிட்டேன். நாலு நாளாச்சு. நீ ஒரு போன்கூட போடல."

நாலு நாள்...

டக்.

பாட்டிலுக்குள் கோலி அசைந்தது. யாரும் தொடவில்லை.

டர்ர்ர்ர்...

போர்வை ஏறி இறங்குவது நின்றது.

அது கேட்டுக்கொண்டிருந்தது.

செருப்புகூடப் போடாமல் தெருவுக்கு ஓடினான். பக்கத்து அறைப் பையன்களோடு திரும்பியபோது பாய் காலி. போர்வையைத் தூக்கினால் தண்ணீர் சொட்டியது. பாட்டிலில் ஈரமே இல்லை. கோலி பழையபடி கழுத்தில் சிக்கியிருந்தது.

அம்சவல்லி அம்மாளிடம் பாட்டில் தர முடியாது என்று சொல்லிவிட்டு, அதைக் கோதண்டத்திடம் கொண்டுபோனான். அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"அன்னிக்கே சொல்ல வந்தேன்பா. போன மாசம் அந்தக் கெணத்துலதான் ஒரு பையன் பொணமா கெடச்சான். நைட் ஷிப்டு. வேலைக்கு வரலன்னு சூப்பர்வைசர் போன் பண்ணா, ரூம்ல போத்திகினு தூங்கறான் சார்னு கூட இருந்தவனுங்க தெனமும் சொல்லிகினு இருந்தானுங்க. எங்க கண்ணால பாத்தோம்னு போலீசாண்ட சத்தியமே பண்ணானுங்க."

"அப்புறம்?"

"அவன் கெணத்துல வுழுந்தே நாலு நாளாச்சுன்னு டாக்டர் சொல்ட்டாருபா."

மாரிராஜ் பாட்டிலைக் கிணறு மூடிய அந்த மண்ணிலேயே வைத்துவிட்டு வந்தான். பிச்சையாவும் ஊரிலிருந்து திரும்பிவிட்டான். இப்போதெல்லாம் மாரிராஜ் தினமும் காலையில் சட்டத்தை மீறுகிறான். பக்கத்துப் பாய்ப் போர்வையை விலக்கி முகத்தைப் பார்க்கிறான். பிச்சையா தூக்கத்திலேயே கெட்ட வார்த்தையில் திட்டுகிறான். அந்தத் திட்டு காதில் விழுந்த பிறகுதான் மாரிராஜுக்குத் தொண்டையில் டீ இறங்குகிறது.