சின்ன அசைவுகளின் மேசை

ஆபீசில் அவளை எல்லோரும் மைனர் என்றுதான் கூப்பிடுவோம். சட்டைப் பித்தானைத் திறந்துவிட்டு, கழுத்துச் சங்கிலி மினுங்கத் தெருவில் திரிகிற மைனர் இல்லை. வயது நிரம்பாத மைனரும் இல்லை. அவளுக்கு நாற்பது நெருங்கிக்கொண்டிருந்தது. அவள் பார்த்த வேலைதான் அந்தப் பெயரை அவளுக்கு ஒட்டவைத்தது.

எங்கள் நிறுவனம் உலோகங்களின் விலையைக் கவனித்து, ஏறுமா இறங்குமா என்று தொழிற்சாலைகளுக்கு எழுதிக் கொடுக்கும். வருடக்கணக்கில் நீளும் போக்கை மேடமே பார்ப்பார். மேடம் என்றால் எங்கள் தலைவி. மாதக்கணக்கில் வரும் ஏற்ற இறக்கங்களுக்கு இன்னொரு மேசை. காலையில் கிளம்பி மாலையில் அடங்கிப்போகிற, மிஞ்சிப்போனால் ஒரு வாரம் தாங்குகிற துடிப்புகளை மைனர் போக்கு என்பார்கள். அந்த மேசைதான் அவளுடையது. அறிக்கைகளில் எழுத்துப்பிழை பார்க்கிற நான் அவளுக்கு எதிரே உட்கார்ந்திருந்தேன்.

உட்கார்ந்திருந்தது நான் மட்டும்தான். அவள் உட்காரமாட்டாள். நாற்காலியை இழுப்பாள், தள்ளுவாள், தண்ணீர் பிடிக்கப் போவாள், தண்ணீரை மறந்துவிட்டு வெறும் டம்ளரோடு திரும்புவாள். உட்கார்ந்தால் வலது கால் ஆட ஆரம்பித்துவிடும். என் காபியில் வட்டம் வட்டமாக அலை எழும்பும்.

"நிலநடுக்கம் வந்துடுச்சு," என்பேன்.

"மைனர் நிலநடுக்கம்தான். குடிங்க," என்பாள்.

கல்லூரிக் கதையை ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் சொன்னாள். அவள் படிக்க ஆசைப்பட்டது இசை. அவள் அப்பா பஸ் டிப்போவில் நேரம் குறிக்கிறவர். "பாட்டு கூட இருக்கட்டும்மா, பாட்டு மட்டும் வேணாம்," என்றாராம். அதனால் பொருளாதாரம் முதன்மைப் பாடம், இசை துணைப் பாடம். கல்லூரி விண்ணப்பத்தில் அதற்கும் மைனர் என்றுதான் போட்டிருந்தார்களாம். இசையே முதன்மைப் பாடமான மாணவர்கள் எழுந்து போனபிறகுதான் பியானோ அறை இவளுக்குக் கிடைக்கும். பாதிப் பாட்டில் யாராவது வந்து கதவைத் தட்டுவார்கள். "இன்னிக்கும் வாசிக்கும்போது கதவைத்தான் பாத்துட்டிருப்பேன்," என்றாள்.

வார இறுதியில் ஒரு நடனப் பள்ளியில் குழந்தைகளுக்குப் பியானோ வாசிக்கப் போய்க்கொண்டிருந்தாள். மூன்றாவது சுரத்தை அரைப்படி இறக்கினால் சிரித்துக்கொண்டிருந்த மேஜர் மெட்டு முகம் வாடிவிடும், அதுதான் இசையில் மைனர். இவள் விரல்கள் தாமாகவே அங்கே போய்விடும். "டீச்சர், பிள்ளைங்க குதிக்கணும். நீங்க வாசிச்சா துணி காயப்போடப் போற மாதிரி நடக்குறாங்க," என்று பள்ளி நடத்துகிறவர் புலம்புவாராம். சொல்லிச் சொல்லி விழுந்து விழுந்து சிரித்தாள். சிரித்து முடித்ததும் டம்ளரைத் தூக்கிக்கொண்டு எழுந்து போய்விட்டாள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை செம்பு விலை இறங்க ஆரம்பித்தது. காலையில் கொஞ்சம், பதினொரு மணி வாக்கில் இன்னும் கொஞ்சம். இப்படி எத்தனையோ தடவை நடந்திருக்கிறது. அதற்கென்று ஒரு வாக்கியமும் இருந்தது: 'சிறு சரிவு, நீண்ட போக்கில் மாற்றம் இல்லை.' வருஷக்கணக்காக அவள் எழுதியது. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பாள்.

அன்றைக்கு அதை எழுதவில்லை. திரைக்கு முன்னால் வெகுநேரம் நின்றுகொண்டே இருந்தாள். அப்புறம் படபடவென்று தட்டினாள். திருத்துவதற்காக என் திரைக்கு வந்தது: 'செம்பின் நீண்ட ஏற்றம் முடிந்தது. வாங்குவதை நிறுத்துங்கள்.'

எழுத்துப்பிழை ஒன்றுகூட இல்லை. ஆனாலும் நாற்காலியை அவள் பக்கம் திருப்பினேன்.

"மேடம்கிட்ட கேட்டுட்டீங்களா?"

"மேடம் பிளேன்ல, வானத்துல பறந்துட்டிருக்காங்க. எறங்குறதுக்குள்ள இது பாதாளத்துக்குப் போயிடும்."

"மைனர், நிஜமாவா?"

"நிஜமாத்தான்," என்றாள். கன்னம் சிவந்திருந்தது. அவளை அவ்வளவு உயிரோட்டமாக நான் பார்த்ததே இல்லை. நான் இன்னும் வாயைத் திறப்பதற்குள், தன் அதிகாரத்திலேயே அனுப்பியும்விட்டாள்.

வியாழக்கிழமை செம்பு பழைய இடத்துக்கு வந்தது. வெள்ளிக்கிழமை அதையும் தாண்டிப் போனது. மின்கம்பி செய்கிற ஒரு தொழிற்சாலை, எங்கள் அறிக்கையை நம்பிக் கொள்முதலை நிறுத்திவைத்து, இப்போது கூடுதல் விலைக்கு வாங்கவேண்டிய நிலையில் மாட்டிக்கொண்டது. அவர்களுடைய கொள்முதல் அதிகாரி தொலைபேசியில் கத்திய கத்தல் என் மேசைவரை கேட்டது. அவள் அதை யார் தலையிலும் கட்டவில்லை. "ஆமா சார், எழுதினது நான்தான். தப்புதான் சார்," என்று நின்றபடியே கேட்டுக்கொண்டாள்.

ஊர் திரும்பிய மேடம் அவளைக் கூப்பிட்டார். கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் எங்கள் எல்லோருடைய காதும் நீண்டுவிட்டது.

"விலை வரைபடத்துல என்ன பாத்தீங்க?"

"ஒண்ணும் பாக்கல மேடம். வழக்கமான சரிவுதான்."

"அப்புறம் ஏன்?"

"என் மேசைக்கு வர்றது ஒரு தடவையாவது பெருசா இருக்கணும்னு தோணிச்சு. அது பெருசுதான்னு நானே நம்பிட்டேன்."

மேடம் திட்டுவார் என்று எதிர்பார்த்தோம். அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "இந்த ஆசைக்கு வேற எடம் பாருங்கம்மா. செம்பு தாங்காது," என்றார். அன்றிலிருந்து அவள் அறிக்கை எழுதக்கூடாது. மற்றவர்கள் எழுதியதில் எண்களைச் சரிபார்த்தால் போதும்.

அவள் கணவர் மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிறவர். யாரையும் அவசரப்படுத்தாத மனிதர். அன்று சாயந்திரம் அவள் நடந்ததையெல்லாம் கொட்டித் தீர்த்தாளாம், சமையலறைக்கும் கூடத்துக்குமாக நடந்துகொண்டே.

"உனக்கு என்னதான் வேணும்?" என்று கேட்டிருக்கிறார்.

"தெரிஞ்சா உட்கார மாட்டேனா?"

"மாட்டே," என்றாராம். "ஆனா எங்க நடக்கறேன்னு தெரிஞ்சு நடப்பே."

அந்தப் பேச்சு அவளுக்குச் சுருக்கென்று தைத்திருக்கிறது. இரண்டு நாள் அவரோடு முகம்கொடுத்துப் பேசவில்லை. அடுத்த வாரம் நகரத்து இசைப் பள்ளிக்குப் போய், மாலை வகுப்பில் சேர முடியுமா என்று கேட்டாள். இசையைத் துணைப் பாடமாகப் படித்தவர்களுக்கு நேரடி இடம் இல்லை, தேர்வு உண்டு என்றார்கள்.

தேர்வாளர் அவளைவிடப் பத்து வயதாவது சின்னவர். சளிபிடித்து, கையில் கைக்குட்டையோடு இருந்தார். மெட்டு ஒன்றை வாசிக்கச் சொல்லிவிட்டு, பாதியில் நிறுத்தினார்.

"மேஜர்ல ஆரம்பிச்சீங்க. ரெண்டாவது வரியிலயே மைனருக்கு ஓடிட்டீங்களே?"

"பழக்கம்."

"அது அழகாத்தான் இருக்கு. அங்க போறது தப்பில்ல. இங்க நிக்க முடியாம போறீங்களே, அதான் கேக்கறேன். மறுபடி வாசிங்க. கடைசிவரைக்கும் மேஜர்லயே நில்லுங்க."

வாசித்தாள். மறுபடியும் நழுவினாள். மறுபடியும் வாசித்தாள். வெளியே அடுத்தவர்கள் காத்திருந்தார்கள். ஆனால் யாரும் கதவைத் தட்டவில்லை. ஒருவழியாகக் கடைசிச் சுரம்வரை போய்ச் சேர்ந்தபோது முதுகெல்லாம் வேர்த்திருந்ததாம்.

கிடைத்தது ஆயத்த வகுப்பில் ஓர் இடம்தான். "மைனருக்கும் கீழ ஒரு படி இருக்குன்னு எனக்குத் தெரியாமப் போச்சே," என்று எங்களிடம் அறிவித்துவிட்டு, சேர்ந்துவிட்டாள். கூடப் படிக்கிறவர்களெல்லாம் ஆன்ட்டி என்று கூப்பிடுகிறார்கள் என்று முதல் மாதம் முழுக்கப் பொருமினாள்.

ஒரு வருஷம் எண்களைச் சரிபார்த்தாள். ஒரு பிழை விடவில்லை. அப்புறம் மேடம் அவளைக் கூப்பிட்டு, நீண்ட காலப் போக்கைத் தன்னோடு சேர்ந்து பார்க்கச் சொன்னார். பெரிய மேசை, ஜன்னல் ஓரம். நாங்கள் இனிப்பு வாங்கிவந்து கொண்டாடினோம். மூன்றே வாரத்தில் மேடத்தின் அறைக்குள் போனாள்.

"மேடம், என்னைப் பழைய மேசைக்கே அனுப்பிடுங்க."

"ஏம்மா, இதுக்குத்தானே ஆசைப்பட்டீங்க?"

"ஆசைப்பட்டேன். ஆனா ஒரு கோடு அசையறதுக்கு ஒரு மாசம் ஆகுது மேடம். எனக்கு மூச்சு முட்டுது. அங்கன்னா நிமிஷத்துக்கு நிமிஷம் ஏதாவது நடக்கும்."

மேடம் கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் இருந்த என்னை எட்டிப் பார்த்தார், நான் ஏதோ விளக்கம் வைத்திருக்கிறவனைப்போல. பிறகு சரி என்றார்.

ஆயத்த வகுப்பு முடிந்ததும் ஒரு சின்ன நிகழ்ச்சி வைத்தார்கள். அவள் கணவரும் நானும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டோம். பாடியது ஒரு கல்லூரிப் பெண்; இவள் பக்கவாத்தியம். ஒரு இடத்தில் பாடகி தாளம் தப்பினாள். இவள் நொடியில் அவளோடு வளைந்து கொடுத்து, யாருக்கும் தெரியாமல் கொண்டுவந்து சேர்த்தாள். எனக்கும் தெரிந்திருக்காது. அவள் கணவர் மூச்சை இழுத்துப் பிடித்ததைப் பார்த்துத்தான் தெரிந்தது.

வெளியே வந்ததும் அவர் கேட்டார், "இனிமே என்ன?"

"அடுத்த வகுப்பு கெடைக்குமான்னு தெரியல. கோட்பாட்டுத் தாள்ல கோட்டை விட்டுட்டேன்னு நெனைக்கிறேன். மறுபடி எழுதணும்." பையைத் தோள் மாற்றினாள். மறுபடியும் மாற்றினாள். "பஸ் வேணாங்க. நடந்துடலாம்."

வீடு கொஞ்சதூரம் இல்லை. அவர் முணுமுணுத்தபடி கூடவே போனார். நான் நிறுத்தத்தில் நின்றுகொண்டேன். வளைவு திரும்பும்வரை அவள் கையை ஆட்டி ஆட்டி ஏதோ சொல்லிக்கொண்டே போனாள்.