ஆடு தின்ற ஐரிஸ்

போன ஞாயிற்றுக்கிழமை என் வீட்டில் ஐரிஸ் பூத்தது. பதினாறு மாதமாக நான் காத்திருந்த பூ. காலையில் விரிந்து, சாயங்காலம் சுருங்கிவிட்டது.

அப்போது நான் எங்கே இருந்தேன்? சத்தியமங்கலத்தில், ஒரு கல்யாணப் பந்தியில்!

சிரிக்காதீர்கள். முழுக் கதையையும் கேளுங்கள்.

குன்னூரில் இருக்கும் என் சிநேகிதி கமலா ஈர நியூஸ்பேப்பரில் சுற்றிக் கொடுத்தனுப்பிய கிழங்கு அது. பார்க்க இஞ்சித் துண்டு மாதிரி இருந்தது. "விசிறியாட்டம் இலை வரும். பன்னிரண்டு இலையாவது வந்தால்தான் பூக்கும். பூவும் ஒரே ஒரு நாள்தான். அதுவரைக்கும் தோண்டிப் பார்க்காதே" என்று போனில் சொன்னாள். என்னை நன்றாகத் தெரிந்தவள்.

துடியலூரில் எங்கள் வீட்டுக் கொய்யா மரத்தடியில் நட்டேன். தோண்டவில்லை — இரண்டே இரண்டு முறைதான். அப்புறம் இலைகளை எண்ண ஆரம்பித்தேன். பால் பாக்கெட் எடுக்கப் போகும்போது ஒரு தடவை, துணி காயப் போடும்போது ஒரு தடவை. ஐந்து... ஏழு... பக்கத்தில் செம்பருத்தி கேட்காமலே பூத்துக்கொண்டிருந்தது. அதை யார் பார்த்தார்கள்?

பத்தாவது இலை வந்த வாரம், ஆடு வந்தது.

கேட்டைச் சாத்த மறந்தது நான்தான். ஆடு, பின்வீதி ரோசியுடையது. ரோசிக்கு முப்பது வயதிருக்கும். பம்ப் மோட்டார் கம்பெனியில் செப்புக் கம்பிக் காயில் சுற்றுகிற வேலை. நான் ஓடி வருவதற்குள் பத்து இலையும் போயிற்று. மண்ணோடு ஒரு கட்டை மட்டும் மிச்சம்.

ஆட்டைத் தேடி வந்த ரோசியிடம் கத்தினேன். "கட்டி வளர்க்கத் தெரியாட்டி எதுக்கு வளர்க்கறே?" என்பதோடு நிறுத்தியிருக்கலாம். "உங்க ஆளுங்களே இப்படித்தான்!" என்றும் வாயில் வந்துவிட்டது.

அவள் ஆட்டை இழுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. செடி போன வருத்தம் என்றுதான் முதலில் நினைத்தேன். இல்லை. "உங்க ஆளுங்க" என்று யாரைச் சொன்னேன் என்பது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். வாராவாரம் பத்திரிகையில் ஊருக்கு நல்லது கெட்டது எழுதுகிறவளின் வாயில் இந்த வார்த்தை எங்கே ஒளிந்திருந்தது?

மறுநாள் காலை அவள் வீட்டுக்குக் கிளம்பினேன். அதற்குள் அவளே எங்கள் கேட்டில் நின்றாள். கையில் ஒரு பை.

"ஏனுங்க அக்கா, இதைச் செடிக்குப் போடுங்க. காஞ்ச ஆட்டுப் புழுக்கைங்க. தின்னது ஆடுதானுங்களே, அதே குடுக்கட்டும்."

"ரோசி, நேத்து நான் பேசினது தப்பு. மன்னிச்சுக்கோ அம்மணி."

"தப்புத்தானுங்க" என்றாள், என் முகத்தை நேராகப் பார்த்து. பிறகு குனிந்து மண்ணை விலக்கி, கிழங்கை அழுத்திப் பார்த்தாள். "கெட்டியா இருக்குதுங்க. வந்துரும்."

வந்தது. ஒன்றல்ல, இரண்டு முளை!

அதற்கப்புறம் எண்ணுகிறவர்களும் இரண்டு பேர் ஆனோம். கம்பெனி விட்டு வரும்போது ரோசி சைக்கிளை நிறுத்தி எட்டிப் பார்ப்பாள்.

"எத்தனைங்க அக்கா?"

"ஆறு."

"முந்தாநேத்தும் ஆறுன்னுதானுங்க சொன்னீங்க!"

எனக்குப் பொறுமை வந்தது அப்போதுதான் — என்னைவிட அவசரக்காரி ஒருத்தி கிடைத்த பிறகு!

இலைகளோடு பேச்சும் வளர்ந்தது. அவள் கொடுத்த முல்லைக் கொடி என் சுவரில் ஏறியது. என் கனகாம்பர நாற்று அவள் வாசலுக்குப் போனது. தோட்டம் போடுவதில் பூவைவிடச் சுகமான பகுதி இதுதானோ?

ஞாயிற்றுக்கிழமை செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றும் பொறுப்பை ரோசியிடம் ஒப்படைத்துவிட்டுத்தான் கல்யாணத்துக்குப் போனேன். சாயங்காலம் வந்து இறங்கினால், கேட்டிலேயே நிற்கிறாள்.

"அக்கா, பூத்துப்போட்டுதுங்க!"

ஓடினேன். பிழிந்து போட்ட கைக்குட்டை மாதிரி ஒரு சுருள். அவ்வளவுதான்.

"எப்படி இருந்துச்சு? சொல்லு."

"மூணு வெள்ளை இதழுங்க. நடுவுல நீலம், இப்படி உள்ளே மடிஞ்சு... அடியில புலித்தோலாட்டம் கோடு. சர்ச்சுக்குன்னு கிளம்பி வந்தவ, போகவே இல்லைங்க. இங்கயே உக்காந்துபோட்டேன். ஒரு தேனீ வந்து, உள்ளே போறதுக்கு வழி தெரியாம சுத்திச் சுத்தி வந்துச்சுங்க!"

விரல்களை விரித்து, மடக்கி, பூவாகவே காட்டினாள். எனக்கு ஏமாற்றமாக இருந்திருக்க வேண்டும். ஆனால், தேனீ என்ன செய்தது என்று இரண்டாம் தடவையும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அதே தண்டில் இன்னொரு மொட்டு இருக்கிறது. பக்கத்து முளைக்கு எட்டு இலை. "அதைப் பிரிச்சுத் தர்றேன், உன் வீட்டுல வெச்சுக்கோ" என்றேன்.

"எங்கூட்லயா? அங்க ஆடு இருக்குதுங்களே! இங்கயே இருக்கட்டும். ஆனா, அது என்னோடதுங்க."

ஆக, தினமும் தண்ணீர் ஊற்றுவது நான். சொந்தக்காரி சாயங்காலம் மேற்பார்வைக்கு வருகிறாள்!