கறுப்பு உடுத்தியவள் கொண்டுபோன தேநீர்

கோப்பை துடைப்பது மொஸிடியின் வேலை. முப்பது கோப்பை, முப்பது தட்டு. வெள்ளையராட்சி முடியப்போகிறதென்று, கெம்ப்டன் பார்க் மண்டபத்தில் புது நாட்டுக்குச் சட்டம் எழுத உட்கார்ந்தவர்களுக்குத் தேநீர் கொண்டுபோய்க் கொடுப்பது மட்டும் கூட வேலை பார்க்கும் புலெங்.

முதல் வாரம் மொஸிடியும்தான் கொடுத்தாள். கணவன் செத்து ஓராண்டு கறுப்பு உடுத்தியிருப்பவள் கையால் வாங்கினால் ஆகாது என்று, குலத்தலைவர் ஒருவர் கோப்பையைத் தொடாமலே விட்டார். மறுநாளிலிருந்து அவள் சமையலறையோடு சரி. அவளுக்கு வருத்தமும் இல்லை. டிசம்பரில் புருஷனைப் புதைத்ததிலிருந்து எதுவுமே உறைப்பதில்லை. சோறு மென்றால் சோறு, அவ்வளவுதான்.

தெம்பிசாவில் அவள் இருக்கும் வீட்டின் உரிமைச் சீட்டு புருஷன் பேரில். பின்கட்டு அறை அவள் சம்பளத்தில் எழும்பியது. கொழுந்தன் லெசிபா ஞாயிறுதோறும் வந்து சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போவான்.

"கறுப்பை அவுத்ததும் வீடு எனக்கு, அண்ணி. பயப்படாத, வீட்டோட சேத்துத்தான் நீயும்."

புலெங் தட்டோடு வந்தாள். "அக்கா, ஆம்பளையும் பொம்பளையும் சமம்னு எழுதியிருக்காங்களாம். தலைவருங்க மட்டும், எங்க வழக்கத்துல கை வைக்காதேன்னு ஒத்தக் கால்ல நிக்கிறாங்க."

"முடிவாயிருச்சா?"

"எங்க முடியுது? நேத்து எழுதினத இன்னிக்கு அடிக்கிறாங்க. என் வீட்டுக்காரன் குடியை விட்ட கதைதான்."

மொஸிடி சிரிக்கவில்லை. அடுத்த கோப்பையை எடுத்தாள்.

செப்டம்பரில் ஒருநாள் வாடகை வண்டிக்காரர்கள் வேலைநிறுத்தம். புலெங் வரவில்லை. மொஸிடியே தட்டைத் தூக்க வேண்டியதாயிற்று. பக்கத்து அறையில், அன்று கோப்பையைத் தொடாத அதே தலைவர், திருத்தக் காகிதங்களோடு தனியாக இருந்தார். பென்சிலால் எதையோ கோடிட்டுக்கொண்டிருந்தார்.

கோப்பையை வைத்தாள். அவர் தொடவில்லை. அவள் போகவும் இல்லை. ஊரில் தலைவர் முன்னால் பெண்கள் உட்காருகிற மாதிரி, காலை மடக்கித் தரையில் உட்கார்ந்தாள். கைகளைக் குவித்து இரண்டு முறை மெல்லத் தட்டினாள். இப்படி முறைப்படி உட்கார்ந்து கேட்டால் தலைவர் பதில் சொல்லியாக வேண்டும். அதுவும் வழக்கம்தான்.

அவர் பென்சிலைக் கீழே வைத்தார்.

"பேசும்மா."

"தெம்பிசாவுல நாலு அறை வீடு, ஐயா. பின்கட்டு நான் கட்டினது. புருஷன் போயிட்டார். வழக்கப்படி தனக்குங்கிறான் கொழுந்தன். என்னையும் சேத்து." பாடம் ஒப்பிப்பதுபோல் இருந்தது அவள் குரல். "உங்க பேச்சு அந்தக் காகிதத்துல நின்னா, டிசம்பர்ல அந்த வீடு யாருக்குங்க?"

தலைவர் காகிதத்தைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். தேநீரில் ஆடை படிந்துகொண்டிருந்தது.

அவள் இன்னொரு தடவை கை தட்டினாள்.

அவர் காகிதங்களை அடுக்கிக் கக்கத்தில் இடுக்கினார். தொப்பியை எடுத்துக்கொண்டார். அவளுடைய கறுப்புப் பாவாடை காலில் படாமல் ஒதுங்கிச் சுற்றி, கதவைத் திறந்து வெளியே போனார்.