ஷட்டரில் படிந்த உப்பு

மரக்காணத்திலிருந்து பத்திரிகைகளுக்குப் படம் அனுப்புகிறவர்கள் நானும் சலீமும்தான். சலீமிடம் இருப்பது அவன் அண்ணன் துபாயிலிருந்து கொண்டுவந்த புதுக் கேமரா. என்னுடையது பழசு. அவன் படம் அச்சில் வரும் நாளெல்லாம் எனக்குக் காப்பி கசக்கும்.

அன்று மழை இருட்டிக்கொண்டு வந்தது. உப்பளத்தில் பெண்கள் உப்புக் குவியல்களை அவசரமாகக் கீற்றால் மூடிக்கொண்டிருந்தார்கள். சலீம் படம் எடுக்கத் தொடங்கிவிட்டான். என் கேமராவில் ஃபிலிம் தீர்ந்திருந்தது. அவனை முந்தும் அவசரத்தில், காற்றடிக்கும் வரப்பில் நின்றபடியே, புது ஃபிலிம் போடப் பின்மூடியைத் திறந்தேன். ஷட்டரின் மெல்லிய தகடுகளில் உப்புத்தூள் படிந்தது. சைக்கிளோ ரேடியோவோ, உப்புப் படிந்தால் ஈரத்துணியால் துடைப்பது எங்கள் ஊர் வழக்கம். கைக்குட்டையை நனைத்துத் துடைத்தேன். ஒரு தகடு மடங்கி வெளியே நீட்டிக்கொண்டது.

"ஏம்பா, ஷட்டர்ல போயா கைய வெச்ச?" என்று ஓடி வந்த சலீம், தன் கேமராவைக் கழற்றி என் கழுத்தில் மாட்டினான். "ரோல்ல இன்னும் இருக்குது, எடு."

கீற்றோடு நின்ற பெண் ஒருத்தி கத்தினாள்: "அண்ணே, மழ வந்துடப் போவுது! படத்த எடுங்க, கேமராவ அப்புறமா கொஞ்சுங்க!"

எடுத்தேன். படம் அச்சில் வந்தது. அப்போதும், 'இது அவன் கேமராவின் தெளிவு' என்றுதான் மனம் சொன்னது.

புதுச்சேரியில் என் கேமராவின் தகட்டை மாற்றினேன். இப்போதெல்லாம் காற்றுக்கு முதுகைக் காட்டி, பைக்குள் வைத்தே ஃபிலிம் மாற்றுகிறேன். காற்று ஊதும் ரப்பர் பந்தை அமுக்கித் தூசியைப் போக்குகிறேன், தகட்டைத் தொடுவதில்லை. பொறாமை போகவில்லை. ஆனால் மூடியைத் திறக்கும்போது சலீம் என்ன செய்கிறான் என்று பார்ப்பதை நிறுத்திவிட்டேன்.