இராசம்மாக்கா நின்ற பக்கம்

காய்ந்த பனையோலைக்குள் குத்தூசி இறங்கும்போது ‘சரக்’ என்று ஒரு சத்தம் கேட்கும். ஓலைத் தூசு மூக்கில் ஏறும், தும்மல் வரும், தும்மி முடிவதற்குள் அந்தப் பக்கத்திலிருந்து ஒரு கை ஊசியைப் பிடித்து இழுத்திருக்கும். நாற்பது வருடத்துக்கு மேலாக ஒஸ்லோவின் பனிக்குளிரைச் சுவாசித்த மூக்கு இது. ஆனாலும் அந்தத் தூசு இன்னும் அதற்குள்ளேதான் இருக்கிறது.

யாழ்ப்பாணத்து வேலியைக் கண்ணால் காணாதவர்களுக்கு ஒன்று சொல்லிவிட்டு மேலே போகிறேன். நட்ட இடத்தில் துளிர்க்கிற பச்சைத் தடிகளைக் ‘கதியால்’ என்போம். அவற்றை வரிசையாக நட்டு, மேலே ஓலையைச் சார்த்தி, குறுக்கே ‘வரிச்சு’ என்கிற நீளச் சலாகையைக் கொடுத்துக் கட்டுவோம். உள்ளே நிற்பவன் கயிறு கோத்த குத்தூசியை ஓலைக்குள் குத்தி வெளியே தள்ளுவான். வெளியே நிற்பவர் கயிற்றை வாங்கிக் கதியாலைச் சுற்றி, மறுபடி ஊசியில் கோத்து விடுவார். உள்ளே நிற்பவன் இழுத்து முடிச்சுப் போடுவான். எவ்வளவு கெட்டிக்காரனாக இருந்தாலும் இதைத் தனியே செய்ய முடியாது. வேலியென்றால் அந்தப் பக்கத்தில் ஓர் ஆள் வேண்டும். இதைப் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. பத்து வயதிலிருந்து என் தகப்பன், ஐயாவோடு ஊர் வேலியெல்லாம் அடைத்த கை சொல்கிறது.

ஊர் வேலிகளுக்கு அந்தப் பக்கம் ஐயா நிற்பார். எங்கள் சொந்த வேலிக்கு மட்டும் அந்தப் பக்கத்தில் நிற்பது பக்கத்து வளவுக் காணிக்காரி இராசம்மாக்கா. கூலிக்கு ஆள் விட்டால் எல்லை நகர்ந்துவிடும் என்று அவவுக்குப் பயம். ஓலை இடுக்கில் அவவின் கை மட்டும்தான் எனக்குத் தெரியும். வாய் எங்கள் சந்து, அந்த ஒழுங்கை முழுக்கக் கேட்கும்.

“எடேய், அந்தக் கதியால் என்ரை காணிக்குள்ளை காலை நீட்டுது. கொப்பரிட்டைச் சொல்லு, இழுத்து நடட்டாம்.”

“அக்கா, போன வரியம் கிண்டி நட்ட அதே கிடங்குதான்,” என்பார் அந்தக் ‘கொப்பர்’, என் ஐயா.

“கிடங்கு அதேதான். கதியால் கொழுத்துப்போச்சு. கொழுத்த பக்கம் என்ரை பக்கம், கண்டியோ!”

இப்படி வாயால் அடித்துக்கொண்டே ஊசியைச் சரியான இடத்தில் திருப்பித் தருவா. மத்தியானம் அதே ஓலை இடுக்கால் எனக்கு ஒரு துண்டு பனங்கட்டியும் வரும்.

இதையெல்லாம் இப்போது எழுத வைத்தது ஒரு தாள். போன கிழமை ஒஸ்லோவின் பியோர்ண்டாலில் இருக்கும் மகன் வீட்டுக்குப் போயிருந்தேன். பேத்தி ஆரணிக்குப் பதினொரு வயது. மேசை முழுக்க ஐஸ்பழக் குச்சிகளையும் பசையையும் பரப்பி வைத்திருந்தாள். ஆங்கிலேயர் அமெரிக்காவில் முதன்முதல் போட்ட குடியேற்றத்தின் மாதிரியைச் செய்து பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோக வேண்டுமாம். பக்கத்தில் கிடந்த தாளில் ஒரு படம்: கூரிய மரங்களை நெருக்கி நட்ட அடைப்பு, உள்ளே கூரைகள், புகை, தூரத்தில் ஒரு கப்பல். அடைப்புக்கு வெளியே மரம், மரம், மரம்.

“இதிலை என்ன எழுதிக் கிடக்கு?” என்று கேட்டேன். நொர்வே மொழியான நொர்ஸ்க் எனக்கு வாசிக்கத் தெரியும். ஆனால் கண்ணாடி வீட்டில் கிடந்தது.

“ஒருத்தரும் இல்லாத காட்டுக்குள்ளை அவை வந்து வீடு கட்டினவையாம்.”

“ஆர் சொன்னது?”

“எங்கட லாரர் தந்த தாளிலை கிடக்கு, அப்பப்பா.” ‘லாரர்’ என்றால் நொர்ஸ்கில் வாத்தியார்.

எனக்குத் தலைக்குள் நெருப்புப் பற்றியது. மருமகள் தேத்தண்ணியைக் கையில் தந்துவிட்டு, “மாமா, அது பிள்ளையின்ரை புரோஷெக்ட், சும்மா இருங்கோ,” என்றாள். எப்படிச் சும்மா இருப்பது? அதே படம். ஏறக்குறைய அறுபது வருடத்துக்கு முன் என் பன்னிரண்டு வயதில், கடல் கடந்து வந்து, எங்கள் பள்ளிக்கூடத்துச் சுவரில் அது தொங்கியது. என் படிப்பைத் தின்றதே அந்தப் படம்தான்.

வெள்ளைக்காரச் சாமிமார் விட்டுப்போன பள்ளிக்கூடம் எங்களுடையது. மேலும் கீழும் தடி வைத்துச் சுருட்டிய நிறப்படங்கள் அலுமாரிக்குமேல் கிடக்கும். அவிழ்த்தால் கரப்பான்பூச்சி ஓடும். அதில் ஒன்று இந்தப் படம். பொன்னுத்துரை வாத்தியார் பிரம்பு நுனியால் தொட்டுத் தொட்டுச் சொல்லித் தருவார்: துணிச்சலுள்ள ஆங்கிலேயர் ஆளில்லாத காட்டில் இறங்கினார்கள், வேலி அடைத்தார்கள், நாடு உண்டாக்கினார்கள். நாங்கள் கூட்டமாகத் திருப்பிச் சொல்ல வேண்டும்.

அந்த வருடம் ஓர் அறிவிப்பு வந்தது. எங்கள் பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு பிள்ளையை எடுத்துப் பட்டணத்துப் பெரிய கல்லூரியில் இலவசமாகத் தங்கிப் படிக்க வைப்பார்களாம். பிள்ளைகள் செய்ததை வைக்கும் பள்ளிக்கூடப் பொருட்காட்சிக்கு வரும் இன்ஸ்பெக்டர் கேள்வி கேட்டுப் பார்த்து ஆளைத் தெரிவுசெய்வார். வாத்தியார் என்னைக் கூப்பிட்டு, “தம்பி, உன்ரை கைக்கு ஈடாய் இந்த ஊரிலை ஆள் இல்லை. அந்தக் குடியேற்றத்தைச் செய். நீதான் போவாய்,” என்றார். அவர் கெட்ட மனிதர் அல்ல. என்னை அனுப்பத்தான் ஆசைப்பட்டார். ஐயாவிடம் சொன்னபோது அவர் தன் வேட்டி மூலையால் என் முகத்துச் சேற்றைத் துடைத்துவிட்டார். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலைக் கண்டவர் எவருமில்லை.

இரண்டு கிழமை நான் வேறு வேலை செய்யவில்லை. களிமண்ணில் வீடுகள், பூவரசம் கம்பில் கப்பல், பனை ஈர்க்கில் அடைப்பு. இன்று கட்டடக்கலை படித்துவிட்டு வருகிற பொடியள் அப்படி ஒன்றைச் செய்யட்டும் பார்க்கலாம். ஆனால் அடைப்பைக் கட்டத் தொடங்கியதும் எனக்குக் கை நின்றுவிட்டது. உள்ளே வெள்ளைக்காரன் நின்று ஊசியைத் தள்ளுகிறான், சரி. அந்தப் பக்கத்தில் வாங்கித் தருவது யார்? அதைவிட, ஆளே இல்லாத காட்டுக்கு எவனாவது வேலி அடைப்பானா? யாரோ இருக்கப்போய்த்தானே எல்லை. எனக்கு வரலாறு தெரியாது, வேலி தெரியும். ஆகவே களிமண்ணில் ஒரு பெண்ணைப் பிடித்து, இடுப்பில் கை வைத்து, வாய் திறந்தபடி அடைப்புக்கு வெளியே நிறுத்தினேன். எனக்குத் தெரிந்த அந்தப் பக்கத்து ஆள் இராசம்மாக்கா ஒருத்திதான். அமெரிக்காவிலும் அவவே நின்றா.

வாத்தியார் வந்து பார்த்தார், முகம் மலர்ந்தது, பொம்மையைக் கண்டதும் சுருங்கியது.

“இது ஆரடா?”

“அந்தப் பக்கத்து ஆள், சேர்.”

“அந்தப் பக்கத்திலை ஒருத்தருமில்லையெண்டு எத்தினை தரம் சொன்னனான்? எடு அதை.”

“ஒருத்தருமில்லாட்டி, சேர், அவை ஏன் வேலி அடைச்சவை?”

வகுப்பு சிரித்தது. எனக்கு இரண்டு அடி விழுந்தது. பிறகு வாத்தியார் என்னைத் தனியே வாசலுக்குக் கூட்டிப்போய்க் குரலைத் தாழ்த்தி, “இஞ்சை பார், இன்ஸ்பெக்டர் கேட்பார். காடு, ஒருத்தருமில்லையெண்டு சொல்லு. ஒரு சொல்லுத்தான். சொன்னியெண்டால் நீ கல்லூரிக்குப் போவாய். கொப்பரின்ரை கையைப் பார், அது மாதிரி உன்ரை கையும் கிழியவேணுமோ?” என்றார். பொம்மையை எடுத்துச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டேன்.

மறுநாள் இன்ஸ்பெக்டர் வந்தார். கோட்டுப் போட்ட, வியர்த்த, நல்ல சிரிப்புள்ள மனிதர். என் குடியேற்றத்தைக் குனிந்து பார்த்து முதுகில் தட்டினார். பிறகு கேட்டார்: “இவர்கள் வருவதற்கு முன்பு இங்கே யார் இருந்தார்கள், தம்பி?”

வாத்தியார் பின்னால் நின்று உதட்டை அசைத்துக் காட்டினார். ஒரு சொல். என் வாயில் அது வரவில்லை. கை சட்டைப்பைக்குள் போனது. பொம்மையை எடுத்து அடைப்புக்கு வெளியே வைத்தேன். ஒரு கை உடைந்திருந்தது.

“இவ இருந்தவ, சேர்.”

இன்ஸ்பெக்டரின் சிரிப்பு போய்விட்டது. தன் கொப்பியில் ஏதோ எழுதிக்கொண்டு அடுத்த மேசைக்குப் போனார். கல்லூரிக்குத் தெரிவானது கப்பலின் பாய்மரத்தைக்கூட நேராக ஒட்டத் தெரியாத ஒருவன். சொன்னதைச் சொன்னான், போனான்.

செய்தி ஒழுங்கைக்குள் வந்ததும் இராசம்மாக்கா சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கே போய்விட்டா. “என்ரை பக்கம் காடெண்டு சொன்னது ஆர்? வெளியிலை வரச் சொல்லு!” என்று வாசலில் நின்று போட்ட சத்தத்தில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் அழுதார்களாம். அமெரிக்காவைப் பற்றிய பேச்சு என்று வாத்தியார் விளங்கப்படுத்தப் பார்த்தார். “அமெரிக்காவோ எந்தக் காவோ இருக்கட்டும், பொடியன் என்னை வைச்சவன், நீர் ஏன் எடுத்தனீர்?” என்றா. திரும்பி வரும்போது எனக்கும் ஒரு குட்டு: “மூக்கை ஏன்டா இவ்வளவு பெரிசாய் வைச்சனி?”

நான் அதன் பிறகு பள்ளிக்கூடம் போகவில்லை. ஐயா திட்டவில்லை, தேற்றவுமில்லை. ஒரு திங்கட்கிழமை காலையில் குத்தூசியை என் கையில் தந்தார், அவ்வளவுதான்.

அதனால் நான் கெட்டுப்போனேன் என்று எவரும் நினைக்க வேண்டாம். பிறகு நொர்வேக்கு வந்து, அதன் வடக்கே மீன் தொழிற்சாலையில் விரல் விறைக்க மீன் வெட்டினேன். ஒஸ்லோவுக்கு வந்து பகலில் கூட்டித் துடைத்து, பின்னேரங்களில் சுவர் பூசப் பழகினேன். இன்று வெஸ்ட்லியில் சொந்த வீடு, என் பெயர் எழுதிய நாலு வான் வண்டி, என்னிடம் சம்பளம் வாங்குகிறவர்களில் இரண்டு நொர்வேக்காரர். ஸ்தவாங்கரில் எண்ணெய்க் கம்பனியில் பெரிய எஞ்சினியராக இருக்கும் என் மருமகன், குளியலறை ஒழுகினால் எனக்குத்தான் போன் எடுக்கிறார். ஒரு வீட்டுக்கு நிறம் பூசும்போது வானொலியில் கேட்டேன்: அந்த முதல் ஆங்கிலேயர் பசியில் சாகக் கிடந்தபோது சோளம் கொடுத்ததே அந்த மண்ணின் சனம்தானாம். அன்று ஏணியில் நின்றபடி பொன்னுத்துரை வாத்தியாரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். சோறு போட்டவர்களைத்தான் ‘ஒருத்தருமில்லை’ என்று அச்சடித்துப் பிள்ளைகளுக்குக் கொடுக்கிறார்கள். அன்றும் கொடுத்தார்கள், இன்றும் கொடுக்கிறார்கள். படித்தவர்களுக்கு இது கூசவில்லையே!

இவ்வளவையும் மகன் வீட்டு மேசையில் கையால் தட்டித் தட்டிச் சொல்லி முடித்தேன். ஆரணி பசைக் குச்சியை மூடாமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

“அப்பப்பா, அந்த வேலியின்ரை படம் இருக்கோ?”

போனை எடுத்துத் தேடினேன். வேலி இல்லை. ஐயாவின் காணியில் மூன்று வருடத்துக்கு முன் நான் கட்டிய வீடும் அதைச் சுற்றி நான் எழுப்பிய மதிலும்தான் இருந்தன. எங்கள் ஒழுங்கையிலேயே உயரமான மதில். உச்சியில் வெள்ளைப் பூ வேலை. அதைக் காட்டாத ஆள் ஒஸ்லோவில் இல்லை.

அவள் விரலால் படத்தைப் பெரிதாக்கினாள். மதிலுக்கு மேலால் கொஞ்சம் பச்சை தெரிந்தது.

“இந்தப் பக்கம் ஆர் இருக்கினம்?”

“ஒருத்தருமில்லை, குஞ்சு,” என்றேன். “வெறும் காடு.”

சொல்லிவிட்டேன். பன்னிரண்டு வயதில் பட்டணத்துக் கல்லூரியே கிடைக்கும் என்றபோதும் வாயில் வராத சொல், தேத்தண்ணிக் கோப்பையோடு இருந்தபோது தானாக வந்தது. ஆரணி தலையாட்டிவிட்டுக் குச்சிகளை ஒட்டத் தொடங்கினாள். எனக்குக் கோப்பையை வைக்க இடம் தெரியவில்லை.

இராசம்மாக்கா ஷெல்லடிக்குத் தப்பி ஒரு சாக்குப் பையோடு வளவைவிட்டுப் போனவ. எங்கே போய் முடிந்தா என்று எனக்குச் சரியாகத் தெரியாது, விசாரிக்கவுமில்லை. மதில் கட்டும்போது மேசன் சிவா இதே போனில் கேட்டான்: “அண்ணை, பக்கத்துக் காணி பத்தைக் காடாக் கிடக்கு, எல்லைக் கதியால் ஒண்டையும் காணேல்லை. மதில் நூலை எங்காலை பிடிக்க?” அந்த எல்லை எங்கே எங்கள் பக்கமாக உள்ளே வளையும் என்று எனக்குத்தான் தெரியும், ஒவ்வொரு வருடமும் கத்தப்பட்டு என் காதுக்குள் பதிந்த வளைவு அது. நான் சொன்னேன்: “நேராப் பிடி.”

மதிலுக்குக் குத்தூசி வேண்டாம். உள்ளே நின்றே எழுப்பி முடித்துவிடலாம்.

அன்று வீட்டுக்கு வந்ததும் சிவாவுக்குப் போன் எடுத்தேன். பத்தையை வெட்டி, பழைய கதியாலின் அடிக்கட்டை ஏதாவது கிடக்கிறதா என்று பார்த்து, மதில் எவ்வளவு அந்தப் பக்கம் போயிருக்கிறது என்று அளக்கச் சொன்னேன். அவன் சிரித்தான்.

“இடிக்கப் போறியளோ? விசரே அண்ணை? அங்கை ஆர் சண்டைக்கு வரப்போகினம்?”

ஒருவரும் வரப்போவதில்லை. வேலி போய்விட்டது, ஓலை போய்விட்டது, அவற்றுக்காக நான் அழவில்லை. கொழுத்த பக்கம் என்ரை பக்கம் என்று கத்துகிற அந்த ஒரு வாய் போய்விட்டது. அது போன இடத்தில் என் மதில் நிற்கிறது.

“அளந்துபோட்டுச் சொல்லு,” என்றேன். “அவ நிண்ட பக்கத்திலை நிண்டு அள.”