இறுக்கிக் கட்டிய பை

பொலித்தீன் பை கட்டுவதில் எங்கள் ஊரில் என்னை மிஞ்ச ஆளில்லை. இதைப் பெருமையாகச் சொல்லித் திரிந்தவன் நான். இப்போது யாராவது சொன்னால் எழும்பி அப்பால் போய்விடுகிறேன்.

வன்னியில் இது எல்லாருக்கும் தெரிந்த வேலைதான். யூரியா மூட்டைக்குள் இருக்கும் பொலித்தீன் உறையை எடுத்துக் கழுவிக் காயவைக்க வேண்டும். அடையாள அட்டை, பிறப்புப் பத்திரம், காணி உறுதி எல்லாவற்றையும் அதற்குள் வைத்து, காற்றைப் பிழிந்து, வாயை முறுக்கி மடித்து, பழைய சைக்கிள் ரியூபில் வெட்டிய வளையத்தால் மூன்று சுற்றுப் போட வேண்டும். இடம்பெயர்ந்து திரிந்த காலத்தில் சனம் வீட்டை விட்டது, மாட்டை விட்டது, அந்தப் பையை விடவில்லை. கழுத்தளவு தண்ணீரில் களப்பைக் கடந்த அன்று என் பை தலையிலிருந்து நழுவி முழுக்க மூழ்கிப் பிறகு கைக்கு அகப்பட்டது. மறுகரையில் அவிழ்த்துப் பார்த்தால் உள்ளே ஒரு பொட்டு ஈரமில்லை.

அதற்குப் பிறகு அக்கம்பக்கத்துக்கெல்லாம் நான்தான் கட்டிக் கொடுத்தேன். என் வேலிக்கு அடுத்த வளவில் மலைநாட்டிலிருந்து வந்து குடியேறிய ஒரு குடும்பம் இருந்தது. புருசனும் பெண்சாதியும் மட்டும். இரண்டு பேரும் என்னை அண்ணன் என்றே கூப்பிடுவார்கள். அவர்கள் வீட்டுப் பையும் என் கட்டுத்தான்.

பிற்காலத்தில் நான் ஒரு டீசல் கப் வாகனம் எடுத்தேன், இரண்டு வரிசை ஆசனமும் பின்னால் சாமான் தட்டும் உள்ளது. எங்கள் ஊர் அக்கராயனுக்கு அப்பால், காட்டோரம். மாரியில் குளம் நிரம்பி வான் பாய்ந்தால் றோட்டில் தாழ்வான ஓரிடத்தில் தண்ணீர் குறுக்கறுத்து ஓடும். பாலம் வரும் வரும் என்று எங்கள் தலை நரைத்ததுதான் மிச்சம். அதனால் காற்று இழுக்கும் குழாயைக் கூரை உயரத்துக்குத் தூக்கிப் பூட்டுவித்தேன். பழைய டீசல் எஞ்சினுக்கு அது போதும். அதற்கு மூச்சு மட்டும்தான், மூளை கிடையாது. பொருளாதாரத் தடைக் காலத்தில் மண்ணெண்ணெய் ஊற்றி ஓடியதெல்லாம் அந்தச் சாதி. இந்த வாகனத்துக்கு மூளை இருந்தது. பற்றரிக்குப் பக்கத்தில் ஒரு கொம்பியூட்டர் பெட்டி. எப்போது, எவ்வளவு டீசல் என்று எஞ்சினுக்குச் சொல்வது அதுதான்.

அதற்குத் தண்ணீர் படாமல் என்ன செய்யலாம் என்று ரவுணில் ஒரு மெக்கானிக்கிடம் கேட்டேன். சின்னப் பெடியன் இல்லை, முப்பது வயதுக்காரன். ஆனாலும் எனக்கு அவன் நேற்றுப் பெய்த மழைக்கு இன்று முளைத்த காளான்.

"வயர் பிளக்குகளுக்குள்ளை அதுக்கெண்டு இருக்கிற கிறீஸைப் பூசுங்கோ அண்ணை. தண்ணிக்குள்ளை இறங்க முதல் எஞ்சினைக் கொஞ்சம் ஆற விடுங்கோ. ஒவ்வொரு மாரிக்கும் ஒருக்காக் கழட்டிப் பாக்கோணும். பெட்டியை மட்டும் ஒண்டாலையும் சுத்தி மூடிப்போடாதேங்கோ. அடியிலை ஒரு சின்ன ஓட்டை விட்டிருக்கிறாங்கள், வாற ஈரம் வெளியாலை போறதுக்கு."

"தண்ணி வந்தால்தானே போறதுக்கு ஓட்டை?" என்றேன்.

அவன் சிரித்தான். எனக்கு அந்தச் சிரிப்புப் பிடிக்கவில்லை. வீட்டுக்கு வந்த கையோடு யூரியா உறை ஒன்றை எடுத்துப் பெட்டியை முழுசாகச் சுற்றினேன். வயர்க் கட்டு வெளியே வரும் இடத்தை முறுக்கி மடித்து, ரியூப் வளையத்தால் மூன்று சுற்று. அடுத்த வளவுக்காரர் வேலியால் எட்டிப் பார்த்து, "வண்டிக்கும் ஐடென்டிகாட்டாண்ணே?" என்று பகிடி விட்டார். இரண்டு பேரும் சிரித்தோம்.

இரண்டு மாரி ஓடினேன். ஒரு குறையும் வரவில்லை. நான் அந்தப் பையை ஒருமுறைகூட அவிழ்த்துப் பார்க்கவில்லை. நல்ல கட்டை யார் அவிழ்த்துப் பார்ப்பார்கள்?

மூன்றாவது மாரி. அடைமழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்த ஒரு பின்னேரம், வரம்பு பார்க்கப் போன அடுத்த வளவுக்காரரைப் புடையன் பாம்பு கடித்தது. கணுக்காலில் இரண்டு பல். ஊரவர்கள் அம்புலன்ஸைக் கூப்பிட்டார்கள். அது வந்து தண்ணீருக்கு அந்தக் கரையில் நின்றது. இங்கால் வர முடியாது. நாங்கள் அவரை அந்தக் கரைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தால் போதும். இருநூறு யார் தூரம் தண்ணீர்.

அவர் பெண்சாதிதான் கேட்டார்: "கோயிலடி ஐயாவோட டிரக்டரக் கேப்பமாண்ணே? அது பெரிய சில்லு."

அது பழைய டிரக்டர். அதில் கொம்பியூட்டரும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. ஆனால் அது அப்போது தூரத்து வயலில் நின்றது.

"அது வந்து சேர விடிஞ்சிடும். என்ரை வாகனம் நிக்கேக்கை டிரக்டர் என்னத்துக்கு?" என்றேன்.

அவரைப் பின் ஆசனத்தில் கிடத்தினோம். தலை பெண்சாதியின் மடியில். ஊரவர் ஒருவர் முன்னால் என் பக்கத்தில் ஏறினார். வேகமாக ஓடி வந்த எஞ்சின் கொதித்துக்கொண்டிருந்தது. ஆற விட யாருக்குப் பொறுமை? அப்படியே இறக்கினேன். தொடக்கத்தில் பம்பர் அளவு தண்ணீர்.

"வண்டி போயிருமுல்லண்ணே?" என்று பின்னால் இருந்து கேட்டார். கடிபட்டவர்தான் கேட்டார்.

"ஒரு சொட்டுத் தண்ணி போகாது. ஆரின்ரை கட்டு இது?" என்றேன்.

நடுத் தண்ணீரில் முன் பலகையில் உள்ள லைற்றுகளெல்லாம் ஒரேயடியாக எரிந்தன. எஞ்சின் நின்றது. திறப்பைத் திருப்பினால் ஸ்ராட்டர் சுற்றுகிறது, எஞ்சின் பிடிக்கவில்லை. இடுப்பளவு தண்ணீரில் இறங்கி எஞ்சின் மூடியைத் திறந்தேன். பை அவிழாமல், நான் கட்டியபடியே இறுக்கமாக இருந்தது. அந்த நேரத்திலும் எனக்கு ஒரு பெருமை வந்தது. பிழை இங்கே இல்லை என்று பியூஸ்களை ஒவ்வொன்றாகக் கழற்றித் துடைத்துப் பூட்டிக்கொண்டிருந்தேன். மறுகரையில் அம்புலன்ஸின் சிவப்பு விளக்கு மழைக்குள் சுற்றிச் சுற்றி எரிந்தது. வாகனத்துக்குள், விஷம் ஏறி, அந்த மனிதரின் பல் முரசிலிருந்து இரத்தம் கசியத் தொடங்கியிருந்தது. தூக்கிக்கொண்டு நடக்கலாம் என்றால் தண்ணீரின் இழுவை ஆளை அடித்துக்கொண்டு போகும். கடைசியில் கூட வந்த ஒருவர் நீந்தித் திரும்பிப் போய் டிரக்டரைக் கூட்டி வந்தார். அது கடந்து அக்கரை சேர்ந்தபோது ஒரு மணித்தியாலத்துக்கு மேல் போயிருந்தது. பழைய டிரக்டர் ஒருமுறைகூட இருமவில்லை.

மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் செத்துப் போனார். கொஞ்சம் முந்திக் கொண்டுவந்திருக்கலாம் என்று டொக்டர் சொன்னார். என் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னார்.

வெள்ளம் வடிந்த பிறகு மெக்கானிக் வந்தான். பையை அவிழ்க்கவில்லை, கத்தியால் அடியில் ஒரு கீறல் போட்டான். ஒரு தேத்தண்ணிக் கோப்பை அளவு தண்ணீர் ஊற்றியது. துரு நிறத் தண்ணீர். பிளக்கைக் கழற்றிக் காட்டினான். ஊசிகளெல்லாம் பச்சையாகப் பூத்துக் கிடந்தன.

"இது அண்டைக்கு மட்டும் வந்த தண்ணி இல்லை அண்ணை. ரெண்டு மாரியாச் சேந்திருக்கு. எஞ்சின் சூட்டிலை பைக்குள்ளை வேர்க்கும். சூட்டோடை தண்ணிக்குள்ளை இறக்கினால் உள்ளுக்கை காத்துச் சுருங்கி வயர் வழியாலை தண்ணியை இழுக்கும். வந்தது போக வழியில்லை. நீங்கள் ஒண்டும் செய்யாமல் விட்டிருந்தாலே கடந்திருக்கும்."

நான் சொன்னது ஒரு வசனம்தான். "ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதை."

அவன் கத்தியைத் துடைத்து மடித்தான். "ஓம்" என்றான். அதற்குப் பிறகு எனக்கு வேலை செய்ய அவன் வரவில்லை.

ஊர் பாலத்தை ஏசியது. செத்த வீட்டுக்கு வந்த அதிகாரி, அடுத்த வருசம் பாலம் கட்டாயம் என்றார். சனம் அவரைச் சூழ்ந்து நின்று கத்தியது. நானும் கத்தினேன். எல்லாரையும் விட உரத்துக் கத்தியது நான்தான். பாலம் இருந்திருந்தால் அவர் பிழைத்திருப்பார் என்பது பொய்யில்லை. அந்த உண்மைக்குப் பின்னால் ஒளிந்து நிற்க எனக்கு நல்ல இடம் கிடைத்தது. கூசாமல் நின்றேன்.

கருமாதி முடிந்து சில நாட்களில் அந்தப் பெண் வேலியில் இருந்த பொட்டுக்குள்ளால் புகுந்து வந்தார். கையில் அவர்கள் வீட்டுப் பை. நான் கட்டியது. அன்று வாகனத்துக்குள்ளும் அதை நெஞ்சோடு அணைத்துத்தான் கொண்டுவந்தார். ஆஸ்பத்திரியில் அடையாள அட்டை கேட்டபோது அவிழ்த்து எடுத்தது இதிலிருந்துதான். அட்டை காய்ந்தே இருந்தது.

"மரணப் பத்திரம் வந்திருச்சுண்ணே. இதையும் உள்ள வச்சுக் கட்டிக் குடுங்க. நான் கட்டுனா நிக்க மாட்டேங்குது."

படியில் குந்தி இருந்து கட்டினேன். காற்றைப் பிழிந்தேன், முறுக்கினேன், மடித்தேன். ரியூப் வளையம் இரண்டு தரம் கையிலிருந்து தெறித்தது. இப்போது சொல்லிவிடு என்று மனம் அடித்துக்கொண்டது. மூன்று சுற்றும் போட்டு முடித்து நீட்டினேன்.

அவர் வாங்கி, விரலால் அழுத்திப் பார்த்தார். "இனித் தண்ணி போவாதுல்லண்ணே?"

"ஓம்" என்றேன்.