மாமா போட்ட புலிநகம்

எங்கள் மாமாவுக்குப் பொய் சொல்ல வராது. ஆயுளில் அவர் உருப்படியாகச் சொன்ன ஒரே ஒரு பொய்யையும் நான் கெடுத்துவிட்டேன். இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிறது.

மாமா அம்மாவின் தம்பி. உளுந்தூர்பேட்டைக்குத் தெற்கே குத்தகை நிலத்தில் உளுந்து போட்டுப் பிழைத்துக்கொண்டிருந்தார். விடுமுறைக்குப் போனால் எனக்கும் அவருக்கும் ஒரே வேலைதான், ஓடையில் பல் பொறுக்குவது. மழைத் தண்ணீர் வடிந்ததும், கரை சரிந்த இடத்தில் குந்திக்கொண்டு சரளையைக் கையால் அளைவோம். பழுப்பாக, வழவழவென்று, நுனி கூராக ஏதாவது ஒன்று தட்டுப்படும். சுறாமீன் பல். முன்னொரு காலத்தில் அந்தப் பக்கமெல்லாம் கடலாக இருந்ததென்று, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்த கல்லூரி வாத்தியார் ஒருவர் சொல்லிவிட்டுப் போயிருந்தார். இவ்வளவு பெரிய கடல் இருந்த ஊரில் குடிக்கத் தண்ணீர் இல்லையே என்று மாமா அலுத்துக்கொள்வார்.

எனக்கு ஏழு வயதில் வடக்கனந்தலில், அப்பா வீட்டில், காதுகுத்து வைத்தார்கள். தாய்மாமன் தங்கச் சங்கிலி போடுவதாகப் பேச்சு. அந்த வருஷம் பார்த்து மாமாவின் உளுந்து முழுக்க மழையில் அழுகிப்போனது. கம்மலை மட்டும் எப்படியோ வாங்கிவிட்டார். அப்பாவின் அக்காவான என் அத்தையோ, சீர்த்தட்டில் துணியை விலக்கிப் பார்ப்பதில் கைதேர்ந்தவர். சங்கிலி எங்கே என்று அவர் வாயெடுப்பதற்குள் மாமா மடியிலிருந்து ஒரு கறுப்புக் கயிற்றை எடுத்து என் கழுத்தில் கட்டினார். அதில் வெள்ளிப்பூண் போட்ட ஒரு புலிநகம்.

கூட்டமே வாய் பிளந்தது. தங்கம் யார் வேண்டுமானாலும் போடலாம், புலிநகம் போட ஒரு கொடுப்பினை வேண்டும் என்று பேசிக்கொண்டார்கள். அத்தைகூட அதைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சீர்த்தட்டைத் துணியால் மூடிவைத்தார். எனக்குப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது, அது நாங்கள் பொறுக்கியதிலேயே பெரிய பல். மாமா என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

மாமா மடியில் உட்காரவைத்துக் காது குத்தினார்கள். நான் அழுது முடிப்பதற்குள் சித்தப்பா வந்து குனிந்தார். அப்பாவின் பங்காளி, கல்வராயன் மலையில் பாரஸ்டு கார்டு. நகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, இல்லை என்று சொல்லிவிடேன் என்று கெஞ்சுகிற குரலில் கேட்டார்.

"மச்சான், நெசப் புலிநகமா இது? நெசம்னா கேஸு. ஜெயில்ல போட்ருவாங்க."

மாமா கூட்டத்தை ஒரு தடவை பார்த்தார். அத்தையையும் பார்த்தார்.

"நெசந்தான். எங்க தாத்தா வச்சிருந்தது. இன்னா செய்யணுமோ செஞ்சிக்குங்க."

ஜெயில் என்ற ஒரு வார்த்தைதான் என் காதில் விழுந்தது. மாமாவைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு கத்தினேன்.

"சித்தப்பா, இது புலிநகமில்ல. மீன் பல்லு. நானும் மாமாவும் ஓடையில பொறுக்கினது."

சித்தப்பாவுக்கு உயிர் வந்தது. மற்றவர்கள் சிரித்த சிரிப்பில் சமையல்காரர்கள்கூட எட்டிப் பார்த்தார்கள். ஓடைக்கல்லைச் சீர் என்று கொண்டுவந்த ஆளை இன்றைக்குத்தான் பார்க்கிறேன் என்றார் அத்தை. அம்மா தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போய்விட்டார். மாமா என்னை மெதுவாக மடியிலிருந்து இறக்கிவிட்டார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே நடந்தார். சாப்பிடக் கூப்பிட்டும் திரும்பவில்லை.

அக்கா வாழப்போன வீட்டில் வெறுங்கையோடு நிற்பதற்கு ஜெயிலே மேல் என்று அவர் முடிவு கட்டியிருந்தார். ஏழு வயதுப் புத்திக்கு அது எங்கே எட்டும்? மாமாவைக் காப்பாற்றிவிட்டேன் என்ற பெருமையோடு பஸ் நிறுத்தத்துக்கு ஓடினேன்.

மாமா தனியாக நின்றுகொண்டிருந்தார். கண் சிவந்திருந்தது. என்னைப் பார்த்ததும், காது வலிக்கிறதா என்று மட்டும் கேட்டார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு தைரியம் சொன்னேன்.

"பயப்படாத மாமா. அதான் எல்லார்கிட்டயும் சொல்லிட்டன்ல."